ட்ரெஸ்டனில் ஒரு செமஸ்டர், ஒரு வீடு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“வெளிநாட்டில் படித்த அனுபவம்” என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று செயலாளர் சொன்னார். உண்மையில் நான் வெளிநாட்டில் படித்தது ஒரே ஒரு செமஸ்டர்தான். 2010 அக்டோபரில் போய் 2011 மார்ச்சில் திரும்பி விட்டேன். ஆகவே படிப்பைப் பற்றிக் கொஞ்சமும், நான் தங்கியிருந்த வீட்டைப் பற்றி அதிகமும் பேச உத்தேசம். கடைசியில் உங்களிடம் ஒரு விண்ணப்பமும் இருக்கிறது. பந்திக்கு நேரமாகி விட்டது என்பது தெரியும், சீக்கிரம் முடித்து விடுகிறேன்.

ஜெர்மனியின் கிழக்கே, எல்பா நதிக்கரையில் இருக்கிறது ட்ரெஸ்டன். சிவில் படித்தவனுக்கு அந்த ஊர் ஒரு திறந்த புத்தகம். 1893-இல் கட்டிய இரும்புப் பாலம் ஒன்று அங்கே உண்டு, பெயர் ‘நீல அதிசயம்’. 1945 மே மாதம், போர் முடியும் தறுவாயில், அதை வெடி வைத்துத் தகர்க்க ராணுவம் ஏற்பாடு செய்திருந்தது. ஊர்க்காரர்கள் இருவர் வெடிக்குப் போன கம்பிகளைத் துண்டித்து விட்டார்கள். அவர்கள் நினைவாகப் பாலத்தில் ஒரு பலகை இருக்கிறது. அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் அப்போது கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பிக்குப் பதில் நெய்த நாரை வைக்கும் ஆராய்ச்சியில் பெயர் வாங்கியிருந்தது. அதைப் பார்க்கத்தான் போனேன் என்று விண்ணப்பத்தில் எழுதினேன். பனியைப் பார்க்கவும் ஆசை இருந்தது, அதை எழுதவில்லை!

வீட்டில் அனுப்பத் தயங்கினார்கள். பணம் காரணமில்லை, உதவித்தொகை இருந்தது. 2009 ஜூலையில் அதே ஊர் நீதிமன்றத்துக்குள்ளேயே எகிப்து நாட்டுப் பெண் ஒருவர், முக்காடு போட்டவர், இன வெறுப்பால் குத்திக் கொல்லப்பட்டார். சாட்சி சொல்ல வந்தவர், கர்ப்பிணி வேறு. அப்பா அந்தச் செய்தியைப் படித்திருந்தார். “வேற ஊரே கிடைக்கலியாடா?” என்றார். அவரிடம் சொல்ல எனக்குப் பதில் எதுவும் இல்லை.

மாணவர் விடுதியில் இடம் நிரம்பி விட்டதால் பல்கலைக்கழக அலுவலகத்தார் ஒரு குடும்பத்தாரின் வீட்டில் அறை பிடித்துத் தந்தார்கள். பீஷன் என்ற பகுதி, ஆற்றுக்குப் பக்கம். கணவர் எழுபது வயது, மனைவி அவரைவிட மூன்று நான்கு வயது இளையவர். ஒரே மகள் வேலைக்காக மேற்கே போய் விட்டாள். அவள் படித்த மேஜை, அவள் படுத்த கட்டில், சுவரில் அவள் ஒட்டியிருந்த குதிரைப் படம் எல்லாமே எனக்கு வந்து சேர்ந்தன. வாடகை நூற்றெண்பது யூரோ. அன்றைய கணக்கில் பதினோராயிரம் ரூபாய் சொச்சம்.

அந்த அம்மா முதல் நாளே ஒரு பேப்பரில் கடிகாரம் வரைந்து காட்டினார். எதற்கு என்று விழித்தேன். அந்த ஊர்ப் பேச்சில் ‘கால் ஒன்பது’ என்றால் எட்டேகால், ‘அரை ஒன்பது’ என்றால் எட்டரை, ‘முக்கால் ஒன்பது’ என்றால் எட்டே முக்கால். நாம் போன மணியிலிருந்து எண்ணுகிறோம், அவர்கள் வரப்போகிற மணியில் எவ்வளவு ஆயிற்று என்று எண்ணுகிறார்கள். அந்தப் பேப்பரை மட்டும் எனக்குக் காட்டாதிருந்தால் ஆறு மாதமும் ஒரு மணி நேரம் முன்னே பின்னே அலைந்திருப்பேன்.

இரண்டாம் நாள் ஜன்னல் பாடம். காலையும் மாலையும் ஐந்து நிமிடம் எல்லா ஜன்னலையும் அகலத் திறந்து வைக்க வேண்டும், வெளியே மைனஸ் பத்தாக இருந்தாலும் சரி. ஹீட்டரை அணைத்து விட்டுத் திறக்க வேண்டும், மூடிய பின் போட வேண்டும். எனக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றியது. பெரியவர் விளக்கினார். நாம் விடும் மூச்சு, குளிக்கும் நீராவி, சாதம் வடிக்கிற ஆவி எல்லாம் அறைக் காற்றில்தான் நிற்கிறது. சூடான காற்று ஈரத்தைத் தாங்கும். அது குளிர்ந்த சுவரின் மூலையில் படும்போது தண்ணீராகிறது, பின்னாலேயே பூஞ்சை வந்து விடும். ஐந்தே நிமிடத்தில் காற்று மாறி விடும், சுவரின் சூடு போகாது. நாள் முழுக்க ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து வைத்தால் சுவரும் குளிர்ந்து விடும். ‘பில்டிங் சயின்ஸ்’ பேப்பரில் நான் மனப்பாடம் செய்து எழுதிய ‘ட்யூ பாயிண்ட்’ எனக்கு அன்றுதான் விளங்கியது. (அந்தப் பாடம் நடத்திய சார் முன்வரிசையில்தான் இருக்கிறார். மன்னிக்கணும் சார்!)

குப்பைக்கு நான்கு தொட்டி. பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் இருபத்தைந்து சென்ட். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இவற்றையெல்லாம் இப்போது யாரும் யூடியூபில் பார்த்துக் கொள்ளலாம், ஆகவே விட்டு விடுகிறேன்.

சாப்பாடு பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நான் சைவம். இரவில் அங்கே அடுப்பே பற்ற வைப்பதில்லை. ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, ஊற வைத்த வெள்ளரிக்காய், அவ்வளவுதான். ஆனால் வாரம் ஒரு நாள் வேக வைத்த உருளைக்கிழங்கோடு, வடிகட்டிய கெட்டித் தயிர் மாதிரி ஒன்றைப் போட்டு, மேலே ஆளிவிதை எண்ணெய் ஊற்றிச் சாப்பிடுவார்கள். அதில் அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக் கொண்டால், அடடா, அது ஒரு தனி ருசி. பெரியவரும் தொட்டுப் பார்த்தார், கண்ணில் நீர் வந்தது. அடுத்த வாரம் அவராகவே பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார்.

இப்போது மரியாதை விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மன் மொழியில் நம்மைப் போலவே இரண்டு உண்டு. ‘சீ’ என்றால் நீங்கள், ‘டூ’ என்றால் நீ. யார் யாரை எப்படி அழைப்பது என்பதில் அவர்கள் நம்மைவிடக் கண்டிப்பு. இருபது வயதுப் பயலான என்னையும் அந்தப் பெரியவர் ‘நீங்கள்’ என்றுதான் அழைத்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. நவம்பர் கடைசியில் ஒரு நாள் இரண்டு சின்னக் கிண்ணத்தில் பழரசம் ஊற்றினார் (அவருடையது பழரசம் அல்ல), எழுந்து நின்று கையை நீட்டினார், தன் பெயரைச் சொன்னார். அதாவது, இனி நாம் ‘டூ’. மூத்தவர்தான் அதை முதலில் சொல்ல வேண்டுமாம், இளையவர் கேட்கக் கூடாது. நம் ஊரில் சின்னப் பிள்ளைகள் ‘டூ’ விட்டால் பேச்சு நின்று போகும். அங்கே ‘டூ’ சொன்னால்தான் பேச்சே ஆரம்பம்.

எனக்கோ எழுபது வயது மனிதரைப் பெயர் சொல்லி ‘நீ’ என்று கூப்பிட நாக்கு வரவில்லை. பெயரைச் சொல்லாமல், ‘நீ’யும் சொல்லாமல், வினைச்சொல்லை மட்டும் வைத்துக் கொண்டு இரண்டு வாரம் ஓட்டினேன். கடைசியில் ‘தாத்தா’ என்றே தமிழில் கூப்பிட்டேன். அர்த்தம் கேட்டார், சொன்னேன். அதற்கப்புறம் அந்த வீட்டில் எனக்கு அவர் தாத்தா. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அது தனக்குக் கிடைத்த இந்தியப் பட்டம் என்று சொல்லிக் கொண்டிருந்தாராம்.

‘டூ’வுக்குப் பிறகுதான் அவர் தன் கதையைச் சொன்னார். அதே பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரிக்கல் படித்தவர். ரோபோட்ரான் என்ற நிறுவனத்தில் இன்ஜினியர். கிழக்கு ஜெர்மனியின் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை அவர்கள் செய்தவைதான், தலைமையிடம் ட்ரெஸ்டன். 1989-இல் அங்கே சுமார் 68,000 பேர் வேலை பார்த்தார்கள். 1988-இல் அதே ஊரில் ஒரு மெகாபிட் சிப் செய்து நாட்டின் தலைவர் கையில் கொடுத்தார்கள், பத்திரிகைகள் கொண்டாடின. மேற்கில் அதை எப்போதோ செய்து விற்றுக் கொண்டிருந்தார்கள் என்பது உள்ளே இருந்த இன்ஜினியர்களுக்குத் தெரியும். 1990 ஜூலை 1 அன்று மேற்கின் மார்க் நாணயம் கிழக்குக்கும் வந்தது. அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரை வாங்க ஆளில்லை. ஒரே வருஷத்தில் அவர் வேலை போயிற்று. வயது ஐம்பது. அப்புறம் விளக்கு விற்கும் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார்.

“உன் படிப்பு என்ன?” என்று திரும்பக் கேட்டார். “கான்கிரீட்” என்றேன். “நல்லது. நாணயம் மாறினாலும் கான்கிரீட் மாறாது” என்றார். சிரித்துக் கொண்டுதான் சொன்னார். ஆனால் நிலவறையில் அவர் தட்டிக் கொண்டிருந்த பழைய ரோபோட்ரான் கீ-போர்டு ஒன்றைத் துணி போர்த்தி வைத்திருப்பதை நான் பார்த்திருந்தேன்.

அந்த நிலவறைச் சுவரில் பென்சில் கோடு ஒன்று உண்டு. 2002 ஆகஸ்ட் 17. அன்று எல்பா 9.40 மீட்டர் ஏறியது. அந்த அம்மா போட்டு வைத்திருந்த பழ ஜாடிகள் எல்லாம் சேற்றோடு போயின. “ஆற்றங்கரையில் வீடு கட்டினால் ஆற்றுக்கும் ஒரு சாவி கொடுக்க வேண்டும்” என்பார் அந்த அம்மா. காவிரிக் கரையில் வளர்ந்த எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் அந்த அம்மாவிடம் கேட்டேன், முன்பின் தெரியாத என்னை எதற்கு வீட்டில் சேர்த்தீர்கள் என்று. வாடகைக்காக என்று சொல்வார் என நினைத்தேன். “வாடகையும்தான். ஆனால் 1989 வரை உலகத்தைப் போய்ப் பார்க்க எங்களை விடவில்லை. கதவு திறந்தபோது கையில் வேலை இல்லை, காசு இல்லை. இப்போது முழங்கால் விடவில்லை. அதனால் உலகத்தை வீட்டுக்கு வரச் சொல்கிறோம்” என்றார். எனக்கு முன்னால் வியட்நாம் பையன் ஒருவனும் போலந்துப் பெண் ஒருத்தியும் அதே அறையில் இருந்திருக்கிறார்கள். குதிரைப் படத்தை அவர்களும் எடுக்கவில்லை.

டிசம்பர் முழுக்கப் பனி. 1434 முதல் நடந்து வரும் கிறிஸ்துமஸ் சந்தைக்குக் கூட்டிப் போனார்கள். ஊரில் எந்த ஜன்னலைப் பார்த்தாலும் வில் வடிவத்தில் விளக்கு. பக்கத்து மலையில் சுரங்கத் தொழிலாளிகள் குளிர்காலத்தில் இருட்டில் இறங்கி இருட்டில் ஏறுவார்களாம், வெளிச்சத்துக்கு ஏங்கி அவர்கள் ஆரம்பித்த வழக்கம் என்று சொன்னார்கள்.

பிறகு பிப்ரவரி வந்தது. 1945 பிப்ரவரி 13 இரவு பத்து மணிக்கு மேல் பிரிட்டிஷ் விமானங்கள் ட்ரெஸ்டன் மீது குண்டு போட்டன. நள்ளிரவுக்குப் பின் மறுபடி, மறுநாள் பகலில் அமெரிக்க விமானங்கள். ஊரின் நடுப்பகுதி தீயில் போயிற்று. ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியில் நாஜிக் கட்சிகளின் வாரிசுகள் பல ஊர்களிலிருந்து கூடி அங்கே ஊர்வலம் போவது வழக்கமாகி இருந்தது. இறந்தவர்கள் இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று எண்ணிக்கையை ஊதிப் பெருக்குவார்கள். நகராட்சி அமைத்த சரித்திரக் குழு ஆண்டுக்கணக்கில் ஆவணங்களை ஆராய்ந்து 2010-இல் அறிக்கை கொடுத்தது. அதிகபட்சம் 25,000 பேர் என்றது. எங்கள் வகுப்பில் படித்த வெளிநாட்டு மாணவர்களிடம் அன்று வெளியே போக வேண்டாம் என்று சொல்லிக் கொண்டார்கள். அப்பாவும் போனில் அதையே சொன்னார்.

முந்தின நாள் இரவு தாத்தா ரொட்டியை வெட்டிக் கொண்டே சொன்னார். 1945-இல் அவருக்கு ஐந்து வயது. அம்மா அவர் கையைப் பிடித்து ஆற்றங்கரைப் புல்வெளிக்கு ஓடியிருக்கிறார். பன்னிரண்டு வயது அக்கா போர்வை எடுக்கத் திரும்பிப் போனாள். அவ்வளவுதான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “கவென்ட்ரியில் 1940-இல் குண்டு போட்டது நாங்கள். வார்ஸாவில் போட்டது நாங்கள். இதை நான் மறக்க மாட்டேன். எண்ணிக்கையைக் கூட்டுகிறவர்களைக் கேள், என் அக்கா இரண்டு தடவையா செத்தாள்?” என்றார். அந்த அம்மா சுவரைப் பார்த்துக் கொண்டிருந்தார். நாற்பது வருஷத் தாம்பத்தியத்தில் இந்தப் பேச்சை அவர் மூன்றாவது தடவையாகக் கேட்பதாகப் பிறகு என்னிடம் சொன்னார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஊர் மக்கள் பழைய நகரைச் சுற்றிக் கை கோத்து நிற்கப் போகிறார்கள், ஊர்வலக்காரர்கள் உள்ளே வராமல் இருக்க. தாத்தா கம்பளிக் கோட்டை மாட்டிக் கொண்டு, “நாங்கள் போகிறோம். நீ வர வேண்டும் என்று இல்லை” என்றார். எனக்குப் பயமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. அந்த அம்மா எதுவும் பேசாமல் மகளுடைய பழைய மஃப்ளரை என் தலையைச் சுற்றிக் கட்டினார். போனேன். இடது கையில் தாத்தா, வலது கையில் அந்த அம்மா. ஆயிரக்கணக்கான பேர் இருந்தார்கள். கோஷம் கிடையாது, பாட்டுக் கிடையாது. காலில் உணர்வே போய் விட்டது. இரவு பத்து மணிக்குச் சற்று முன்னால் ஊரில் இருக்கிற சர்ச் மணிகள் எல்லாம் சேர்ந்து அடித்தன. அப்போது நாங்கள் வீட்டில் இருந்தோம். தாத்தா ஜன்னலைத் திறந்தார். இந்தத் தடவை ஐந்து நிமிடத்தில் மூடவில்லை.

அப்பாவிடம் இதை ஊருக்கு வந்த பிறகுதான் சொன்னேன்.

தாய் சர்ச் ஒன்று அங்கே உண்டு, ஃப்ராவன்கிர்ஹ என்று பெயர். 1945-இல் குண்டுக்குத் தப்பி, இரண்டு நாள் தீயின் சூட்டில் வெந்து, பிப்ரவரி 15 காலையில் சரிந்தது. 1994-இல் தொடங்கி 2005-இல் திரும்பக் கட்டி முடித்தார்கள். குவியலிலிருந்து எடுத்த கற்களை ஒவ்வொன்றாக அளந்து, பட்டியல் போட்டு, முடிந்தவரை பழைய இடத்திலேயே வைத்தார்கள். புதுக்கல் வெளுப்பு, பழைய கல் கறுப்பு. மேலே இருக்கும் சிலுவையைச் செய்தவர் லண்டன் பொற்கொல்லர் ஒருவர். அவருடைய தந்தை அன்றைக்குக் குண்டு போட வந்த விமானிகளில் ஒருவர். எங்கள் பேராசிரியர் அந்த டூமின் பளுவைக் கணக்குப் போடச் சொன்னார், பன்னிரண்டாயிரம் டன்னுக்கு மேல். கணக்கு முடிந்ததும் மாணவர்கள் கை தட்டவில்லை, முஷ்டியால் டெஸ்கைத் தட்டினார்கள். அங்கே அதுதான் கைதட்டல்.

தேர்வு எல்லாம் பிப்ரவரி, மார்ச்சில். பாதி வாய்மொழித் தேர்வு. அங்கே 1 தான் சிறந்த மதிப்பெண், 5 வந்தால் ஃபெயில். தம்பிமார்களுக்கு ஒரு நடைமுறை யோசனை: எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்று இரண்டு கல்லூரியும் கையெழுத்துப் போட்ட தாளைக் கையில் வாங்கிய பிறகே விமான டிக்கெட் எடுங்கள். மொழியை இங்கேயே ஆறு மாதம் படித்து விட்டுப் போங்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம், சமையலறை ஆங்கிலத்தில் நடக்காது.

திரும்பி வந்த பின்பும் கடிதப் போக்குவரத்து நின்றதில்லை. 2013 ஜூனில் மறுபடி வெள்ளம். இந்த முறை ஜாடிகளை முன்னாலேயே மாடிக்கு ஏற்றி விட்டார்கள். 2018 ஆகஸ்டில் நம் கொள்ளிடத்தில் 1928-ஆம் ஆண்டு இரும்புப் பாலம் வெள்ளத்தில் தூண் சாய்ந்து விழுந்ததே, அந்தப் படத்தை அனுப்பினேன். போக்குவரத்தை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள் என்றதும், “அப்படியானால் உங்கள் இன்ஜினியர்கள் கெட்டிக்காரர்கள்” என்று தாத்தா எழுதினார். 2019-இல் அவர் காலமானார்.

2024 செப்டம்பர் 11 அன்று அந்த அம்மாவிடமிருந்து ஒரு வரி வந்தது: “உன் பாலம் விழுந்து விட்டது.” பல்கலைக்கழகத்துக்கு நான் தினம் டிராமில் கடந்த கரோலா பாலம், 1971-இல் கட்டிய பிரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட். விடியற்காலை மூன்று மணி வாக்கில், டிராம் ஓடிய பகுதி நதிக்குள் சரிந்தது. சில நிமிடம் முன்னால்தான் ஒரு டிராம் போயிருந்தது. ஒருவருக்கும் காயமில்லை. மூன்று பகுதியில் இரண்டைப் பழுது பார்த்து முடித்து விட்டார்கள். விழுந்தது 2025-இல் பார்க்க வைத்திருந்த மூன்றாவது. இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பி, ஹைட்ரஜன் புகுந்து, உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டிருக்கிறது. கட்டும் காலத்திலேயே ஈரம் பட்டுத் தொடங்கியது, வெளியே தெரியவில்லை. அந்தக் காலக் கம்பி வகை அதற்கு இடம் கொடுத்தது. பாலத் துறையில் வேலை செய்கிற நான் அந்த அறிக்கையை மூன்று தடவை படித்தேன். கான்கிரீட் மாறாது என்று சொன்ன தாத்தா இதைப் பார்க்காமல் போனார்.

இனி விண்ணப்பம். நம் கல்லூரி செய்து கொண்ட ஒப்பந்தம் இருவழி ஒப்பந்தம். நம் பிள்ளைகள் போக வேண்டுமானால் அங்கிருந்தும் வர வேண்டும். வரும் ஜூலையில் இரண்டு மாணவர்கள் வருகிறார்கள், ஒரு பையன், ஒரு பெண். கெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது. ஆனால் கெஸ்ட் ஹவுஸில் இருந்தால் அவர்கள் திருச்சியைப் பார்ப்பார்கள், நம்மைப் பார்க்க மாட்டார்கள். தில்லை நகரிலும் கே.கே. நகரிலும் ஸ்ரீரங்கத்திலும் நம் மூத்த உறுப்பினர்களின் வீடுகளில் எத்தனை அறை பூட்டிக் கிடக்கிறது? பிள்ளை டெக்ஸாஸில், பெண் சிங்கப்பூரில், அறையில் அவர்கள் வாங்கிய ஷீல்டும் கேரம் போர்டும். “அவங்களுக்கு நம்ம சாப்பாடு ஒத்துக்குமா?”, “பாத்ரூம் வெஸ்டர்னா இருக்கணுமே?”, “அக்கம்பக்கம் என்ன சொல்லும்?” என்று போன வாரம் கேட்டவர்களிடம் நான் சொன்னதையே சொல்கிறேன்: எனக்கும் அங்கே எதுவும் ஒத்துக் கொள்ளவில்லை, முதல் வாரம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். அந்த வேலையைக் கல்லூரி அலுவலகமே பார்த்துக் கொள்ளும் என்று முதல்வர் உறுதி சொல்லியிருக்கிறார். வாடகை வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். அறையைக் காலி செய்யவும் வேண்டாம், கேரம் போர்டு அங்கேயே இருக்கட்டும்.

விருப்பம் உள்ளவர்கள் வாசலில் பதிவு மேஜையில் இருக்கும் இணைச் செயலாளரிடம் பெயரும் போன் நம்பரும் கொடுத்தால் போதும். என் வீட்டில் ஓர் அறை, பையனுக்கு, எழுதி விட்டோம். மனைவியைக் கேட்டு விட்டுத்தான் சொல்கிறேன். பெண்ணுக்குத்தான் இன்னும் வீடு அமையவில்லை.